வலியைத் தணிக்கும் பாட்டு!

ஆரணியில் பொழுது விடிந்தால் காதில் விழுவது தறிச் சத்தம்.

நெசவாளர் குழிக்குள் காலை விட்டு உட்கார்ந்து மிதியை மிதிக்கிறார். நாடா இந்தப் பக்கமிருந்து அந்தப் பக்கம் ஓடுகிறது. பலகை வந்து 'டக்' என்று அடிக்கிறது. ஓர் ஊடை இழை பாவோடு சேர்ந்துவிட்டது. மறுபடி மிதி. மறுபடி நாடா. மறுபடி 'டக்'. ஆரணியிலும் சேவூர், தேவிகாபுரம் போன்ற சுற்று ஊர்களிலும் தலைமுறை தலைமுறையாகக் கேட்டு வரும் சத்தம் இது. புவிசார் குறியீடு பெற்ற ஆரணிப் பட்டுச் சேலை, இந்தச் சத்தத்தோடுதான் பிறக்கிறது.

இந்த ஊரில் ஒரு வீட்டை மனதில் நினைத்துக்கொள்ளுங்கள். ஐம்பது வருடம் தறியில் உட்கார்ந்த பெரியவர். வயது எழுபது. வாயில் புற்றுநோய். பெரிய ஆஸ்பத்திரியில் எல்லாச் சிகிச்சையும் செய்து பார்த்தாகிவிட்டது. "இனி வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள்" என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

நெசவாளர் வீட்டில் தனி அறை ஏது? தறி இருக்கும் கூடத்திலேயே ஓரமாகக் கட்டிலைப் போடுகிறார்கள். பெரியவர் படுத்துவிட்டார்.

அன்று முதல் வீடு ஊமையாகிவிடுகிறது. "அப்பாவுக்குத் தொந்தரவு" என்று மகன் தறியை நிறுத்துகிறான். தறி நின்றால் கூலி நின்றது. அது வேறு கவலை. ரேடியோவை மூடுகிறார்கள். பேரன் போனில் பாட்டு வைத்தால், "இந்த நேரத்தில் பாட்டு ஒரு கேடா?" என்று அதட்டுகிறார்கள். வருகிறவர்கள் வாசலில் செருப்பைக் கழற்றும்போதே குரலைத் தாழ்த்திக்கொள்கிறார்கள். கட்டிலில் இருப்பவருக்குக் கேட்பது இரண்டே சத்தம்தான். ஒன்று, சுற்றி இருப்பவர்களின் பெருமூச்சு. இன்னொன்று, தன் முனகல்.

எல்லோரும் அன்பால்தான் இப்படிச் செய்கிறார்கள். ஆனால் இது நோயாளிக்கு நல்லதா? "இல்லை, பாட்டு வையுங்கள். முடிந்தால் பாடுங்கள்!" என்கிறது மருத்துவத்தின் ஒரு புதிய பிரிவு. அதற்கு இசைச் சிகிச்சை என்று பெயர்.

மாத்திரைக்கு அடங்காத வலி

இங்கிலாந்தில் சிசிலி சாண்டர்ஸ் என்று ஓர் அம்மையார் இருந்தார். முதலில் நர்சு. பிறகு ஆஸ்பத்திரியில் ஏழை நோயாளிகளின் குடும்ப நலனைக் கவனிக்கும் வேலை. அதற்குப் பிறகு டாக்டருக்குப் படித்தார். குணமாகாத நோயாளிகளை டாக்டர்கள் கைவிட்டு ஒதுங்குவது அவருக்குப் பொறுக்கவில்லை. 1967-ல் லண்டனில் செயின்ட் கிறிஸ்டோபர் இல்லத்தைத் தொடங்கினார். 'இனிமேல் செய்வதற்கு ஒன்றுமில்லை' என்று சொல்லப்பட்டவர்களுக்காகவே ஓர் இல்லம்!

சாகப் போகிறவரின் வலி உடம்பில் மட்டும் இல்லை என்று அவர் சொன்னார். மனதில் பயம் இருக்கிறது. பெண்டாட்டி பிள்ளைகள் என்ன ஆவார்களோ என்ற கவலை இருக்கிறது. 'நான் வாழ்ந்தது எதற்கு?' என்ற கேள்வி இருக்கிறது. எல்லாம் சேர்ந்ததுதான் முழு வலி. உடம்பின் வலிக்கு மாத்திரை உண்டு. மற்றவற்றுக்கு?

இந்தக் கேள்விக்கு ஒரு பதிலைக் கனடா நாட்டில் கண்டார்கள். மான்ட்ரியல் நகரத்து ராயல் விக்டோரியா ஆஸ்பத்திரியில் டாக்டர் பால்ஃபர் மவுன்ட், இப்படிப்பட்ட நோயாளிகளுக்கென ஒரு தனி வார்டைத் தொடங்கினார். அங்கே சூசன் மன்ரோ என்ற பெண்மணி, கட்டில் கட்டிலாகப் போய் நோயாளிகளோடு பாட்டிலும் இசையிலும் ஈடுபட்டார். பார்த்ததை எல்லாம் இருவரும் சேர்ந்து 1978-ல் கனடா மருத்துவச் சங்க இதழில் எழுதினார்கள். உலகம் முழுவதும் இந்தத் துறையில் இருப்பவர்கள் அந்தக் கட்டுரையை முன்னோடியாகக் கருதுகிறார்கள்.

வலிக்கு ஒரு கதவு

பாட்டு எப்படி வலியைக் குறைக்கும்? இது மாயம் மந்திரம் அல்ல.

முழங்கால் கட்டில் காலில் இடித்துவிட்டது. உடனே என்ன செய்கிறோம்? கையால் பரபரவென்று தேய்க்கிறோம். வலி கொஞ்சம் குறைகிறது. ஏன்? 1965-ல் மெல்சாக், வால் என்ற இரண்டு விஞ்ஞானிகள் இதற்கு ஒரு விளக்கம் சொன்னார்கள். முதுகுத் தண்டில் ஒரு கதவு போன்ற அமைப்பு இருக்கிறது. வலிச் செய்தி அதைத் தாண்டித்தான் மூளைக்குப் போக வேண்டும் என்றார்கள். தேய்க்கும்போது உண்டாகும் உணர்ச்சி அந்தக் கதவைப் பாதி மூடிவிடுகிறது. மூளையும் மேலிருந்து அந்தக் கதவை மூடவோ திறக்கவோ முடியும். பயமும் தனிமையும் கதவை அகலத் திறந்துவிடும். மனம் வேறொன்றில் லயித்தால் கதவு ஒருக்களிக்கும்.

நள்ளிரவில் வலி ஏன் அதிகமாகத் தெரிகிறது என்பதும் இதிலிருந்து புரியும். பகலில் நாலு பேர் பேசுகிறார்கள். இரவில் வலியைத் தவிர வேறு துணை இல்லை.

பயிற்சி பெற்ற இசைச் சிகிச்சையாளர் வந்தவுடன் பாட ஆரம்பிப்பதில்லை. பக்கத்தில் உட்கார்ந்து நோயாளியின் மூச்சைக் கவனிக்கிறார். மூச்சு படபடவென்று ஓடினால், முதலில் பாட்டும் அந்த வேகத்திலேயே தொடங்கும். பிறகு பாட்டின் வேகம் மெல்லக் குறையும். மூச்சும் கூடவே இறங்கி வரும். எடுத்த எடுப்பில் தாலாட்டுப் போல இழுத்துப் பாடினால் பலிக்காது. ஆரணிக்காரர்களுக்கு இதைச் சொல்லிக்கொடுக்க வேண்டியதில்லை. வேகமாக ஓடும் தறியை வெடுக்கென்று நிறுத்தினால் இழை அறும் என்பது அவர்களுக்குத் தெரியும்.

சில நாள் பாட்டே இருக்காது. நோயாளி தன் கதையைச் சொல்வார். சிகிச்சையாளர் கேட்டுக்கொண்டிருப்பார். அதுவும் சிகிச்சைதான்.

தமிழ்நாட்டுக்குப் புதிதா?

முறை புதிது. எண்ணம் பழையது.

திருநாவுக்கரசர் கதை எல்லோருக்கும் தெரியும். சூலை நோய் வயிற்றைக் குடைந்தது. தமக்கை திலகவதியாரிடம் ஓடி வந்தார். திருவதிகைக் கோயிலில் நின்று, அந்த வலியையே சொல்லி முதல் பதிகம் பாடினார். நோய் நீங்கியது என்று பெரியபுராணம் சொல்கிறது. நோய் நீங்கியதை பக்தர்கள் நம்புவார்கள். மற்றவர்களும் ஒன்றைக் கவனிக்கலாம். பொறுக்க முடியாத வலியில் இருந்த ஒருவருக்கு, அதை வாய்விட்டுப் பாட ஓர் இடமும், பக்கத்தில் ஒரு தமக்கையும் இருந்தார்கள்.

இன்னொரு காட்சி எட்டயபுரத்தில். 1835-ம் ஆண்டு. தீபாவளி நாள். முத்துசுவாமி தீட்சிதருக்கு இறுதி நேரம் நெருங்கியது. அவர் சீடர்களைப் பாடச் சொன்னார். மதுரை மீனாட்சி மீது அவரே இயற்றிய கீர்த்தனையைச் சீடர்கள் பாடினார்கள். அந்தப் பாட்டைக் கேட்டுக்கொண்டே அவர் உயிர் பிரிந்தது என்று சங்கீத உலகம் வழிவழியாகச் சொல்லி வருகிறது. தமக்கு என்ன பாட்டு வேண்டும் என்று அவர் வாய்திறந்து சொன்னார். அதைக் கேட்டுப் பாடவும் ஆள் இருந்தது. எத்தனை பேருக்கு இது கிடைக்கிறது?

இன்று இதைப் படிப்பாகவே படிக்கலாம். புதுச்சேரி பிள்ளையார்குப்பத்தில் ஸ்ரீபாலாஜி வித்யாபீடம் இருக்கிறது. மருத்துவக் கல்லூரியும் ஆஸ்பத்திரியும் உள்ள வளாகம் அது. அங்கே 2010-ல் இசைச் சிகிச்சைக்கென்று ஒரு மையம் தொடங்கினார்கள். கர்நாடக இசையில் தேர்ந்த டாக்டர் சுமதி சுந்தர் அதை வளர்த்தவர்களில் முக்கியமானவர். நோயாளிகளுக்குச் சிகிச்சை, மாணவர்களுக்குப் பயிற்சி, ஆராய்ச்சி என்று மூன்றுக்கும் அங்கே இடம் உண்டு.

வயலின் மேதை குன்னக்குடி வைத்தியநாதனுக்கும் இதில் தீராத ஆசை. சென்னையில் ராக ஆராய்ச்சி மையம் ஒன்றை ஏற்படுத்தி, 2008-ல் மறையும் வரை ராகங்களின் குணத்தைப் பற்றிப் பேசிக்கொண்டே இருந்தார்.

எந்த நோய்க்கு எந்த ராகம்?

இங்கே ஓர் எச்சரிக்கை. 'இந்த ராகம் சர்க்கரைக்கு, அந்த ராகம் ரத்த அழுத்தத்துக்கு' என்று பட்டியல் போட்டுச் சிலர் சொல்வதுண்டு. கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் மாத்திரை மாதிரி ராகத்தை எழுதிக்கொடுக்க முடியும் என்பதற்கு உறுதியான சான்று இல்லை. பாட்டு புற்றுநோயைக் குணப்படுத்தும் என்று யாராவது சொன்னால், காசைக் கொடுத்துவிடாதீர்கள்!

சரி, சான்று உள்ள விஷயம் எது? காக்ரேன் என்ற உலக ஆய்வு அமைப்பு 2021-ல் ஒரு கணக்குப் போட்டது. புற்றுநோயாளிகளிடம் இசையைப் பயன்படுத்திப் பார்த்த 81 ஆராய்ச்சிகளை அது சேர்த்துப் பார்த்தது. மொத்தம் 5,576 நோயாளிகள். பெரியவர்களுக்குப் பதற்றமும் வலியும் சோர்வும் குறையக்கூடும் என்று தெரிந்தது. கடைசிக் கட்டத்தில் இருப்பவர்களை மட்டும் வைத்து 2010-ல் ஒரு கணக்குப் பார்த்தார்கள். அதில் கிடைத்தவை வெறும் 5 ஆராய்ச்சிகள். 175 பேர். பலன் இருப்பதுபோல் தெரிகிறது, ஆனால் இன்னும் ஆராய வேண்டும் என்றுதான் முடிவு சொன்னார்கள். சாகும் தறுவாயில் இருப்பவர்களை வைத்து ஆராய்ச்சி செய்வது சுலபமா என்ன?

2020-ல் கனடாவிலிருந்து வேறொரு செய்தி வந்தது. வான்கூவர் நகரத்தில், நினைவு தப்பி, கூப்பிட்டாலும் பதில் இல்லாமல் கிடந்த நோயாளிகளின் தலையில் கருவிகளைப் பொருத்தி, தொடர்ந்து ஒலிகளைக் கேட்கச் செய்தார்கள். ஒலிகளின் வரிசை மாறியபோது, சிலருடைய மூளை ஆரோக்கியமான இளைஞர்களின் மூளையைப் போலவே அதைக் கவனித்தது. உயிர் பிரிவதற்குச் சில மணி நேரம் இருந்தபோதும் இது நடந்தது! கேட்டதன் பொருள் அவர்களுக்குப் புரிந்ததா என்று அந்த ஆராய்ச்சி சொல்லவில்லை. ஆனால், 'இவருக்கு இனி எதுவும் கேட்காது' என்று கட்டிலுக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு சொத்துச் சண்டை போடுகிறவர்கள் இதை இரண்டு தடவை படிப்பது நல்லது.

மருந்தை நிறுத்தக் கூடாது

பாட்டு இருக்கிறதே என்று மருந்தை நிறுத்தக் கூடாது. புற்றுநோயின் கடும் வலிக்கு மார்ஃபின் என்ற மருந்து இருக்கிறது. 1985-ல் வந்த போதைப் பொருள் சட்டத்தின் கெடுபிடியால், பல ஆண்டுகள் இது நோயாளிகளுக்குக் கிடைப்பதே கஷ்டமாக இருந்தது. 2014-ல் அந்தச் சட்டத்தைத் திருத்தி வழியை எளிதாக்கினார்கள். டாக்டர் சொன்ன அளவில், சொன்ன நேரத்தில் கொடுத்தால் வலி அடங்கும். வலி அடங்கினால்தான் பாட்டும் காதில் ஏறும்.

இந்த வகைச் சிகிச்சைக்கு ஆதரவு சிகிச்சை என்று பெயர். இந்தியாவில் இதற்கு வழிகாட்டியது கேரளம். 1993-ல் கோழிக்கோட்டில் டாக்டர் ராஜகோபாலும் டாக்டர் சுரேஷ்குமாரும் நண்பர்களும் சேர்ந்து ஒரு சங்கம் தொடங்கினார்கள். ஊர் மக்களே தொண்டர்களாகச் சேர்ந்து வீடு வீடாகப் போனார்கள். ஆரணியிலிருந்து சுமார் 40 கிலோமீட்டரில் உள்ள வேலூரில், ஐடா ஸ்கடர் அம்மையார் தொடங்கிய சி.எம்.சி. ஆஸ்பத்திரியிலும் இதற்குத் தனிப் பிரிவு உண்டு. 2021 ஆகஸ்டில் தமிழக அரசு தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்திலும் இந்தச் சிகிச்சை சேர்க்கப்பட்டது. படுக்கையில் இருப்பவரின் வீட்டுக்கே நர்சு வந்து பார்ப்பதற்கு அதில் வழி உண்டு. பக்கத்து அரசு ஆரம்ப சுகாதார நிலையத்தில் விசாரித்தால் விவரம் சொல்வார்கள்.

மார்ஃபினுக்கும் பாட்டுக்கும் நம் வீடுகளில் ஒரே தலைவிதி. இரண்டையும் கண்டால் பயம்! "மார்ஃபின் கொடுத்தால் முடிந்தது" என்கிறார்கள். "திருவாசகம் படிக்க ஆரம்பித்தால் முடிந்தது" என்றும் சொல்கிறார்கள். கட்டில் பக்கத்தில் சிவபுராணம் கேட்டாலே, எதிர்வீட்டுக்காரர் ஓடி வந்து "எப்போது?" என்று கேட்கிறார். அதனால் வீட்டார் கடைசி நிமிஷம் வரை பாட்டைத் தள்ளிப்போடுகிறார்கள். கடைசி நிமிஷத்தில், எந்தப் பாட்டு வேண்டும் என்று கேட்டால் பதில் சொல்ல நோயாளிக்கு நாக்கு எழுவதில்லை.

எந்தப் பாட்டு?

அதை நோயாளிதான் சொல்ல வேண்டும். பேச்சு இருக்கும்போதே கேட்டுவிட வேண்டும்.

பெரியவர் என்பதால் பக்திப் பாட்டுத்தான் பிடிக்கும் என்று நாமாக முடிவு கட்டக் கூடாது. மனிதனுக்குப் பதினைந்து வயது முதல் இருபத்தைந்து வயது வரை கேட்ட பாட்டுத்தான் மனதில் ஆழப் பதிந்திருக்கும் என்கிறார்கள். 1955-ல் பிறந்த ஒரு நெசவாளருக்கு அது 1970 முதல் 1980 வரை. தறிக்கு மேல் ஒரு சின்ன ரேடியோ. அதில் இலங்கை வானொலி. டி.எம்.சவுந்தரராஜன் குரலும் பி.சுசீலா குரலும். 1976-ல் 'அன்னக்கிளி' வந்து ஊரே அந்தப் பாட்டாக இருந்த நாட்கள். அவர் எம்.ஜி.ஆர். பாட்டுக் கேட்டால் எம்.ஜி.ஆர். பாட்டையே வையுங்கள். 'போகிற நேரத்தில் சினிமாவா?' என்று முகம் சுளிக்க வேண்டாம்.

ஆரணியில் சைவர் உண்டு, வைணவர் உண்டு, சமணர் உண்டு, முஸ்லிம்கள் உண்டு, கிறிஸ்தவர்கள் உண்டு. ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு பாட்டு. ஒரே வீட்டில் அண்ணனுக்கு ஒன்று, தம்பிக்கு வேறு.

பாட்டு சில சமயம் புண்ணைக் கிளறும். செத்துப்போன மனைவிக்குப் பிடித்த பாட்டைக் கேட்டு ஒருவர் தேம்பி அழலாம். அழுது ஆறுதல் அடைகிறவரும் உண்டு. தாங்க முடியாமல் தவிப்பவரும் உண்டு. அவர் முகத்தைப் பாருங்கள். புருவம் சுருங்கினால், தலையைத் திருப்பிக்கொண்டால் நிறுத்திவிடுங்கள். சத்தம் குறைவாக இருக்கட்டும். நாள் முழுவதும் ஓடவிட வேண்டாம். கொஞ்ச நேரம் பாட்டு, கொஞ்ச நேரம் அமைதி.

போனில் வைக்கும் பாட்டை விட, வீட்டு மனிதர் பாடும் பாட்டு நல்லது. போன் நோயாளியின் மூச்சைப் பார்க்காது. "எனக்குக் குரல் இல்லையே" என்று தயங்கும் மருமகள், குழந்தையைத் தூங்கவைக்கத் தாலாட்டுப் பாடியவள்தானே! அந்தக் குரல் போதும். கச்சேரியா நடக்கிறது?

கர்ண மோட்சம்

ஆரணி, செய்யாறு பக்கத்துக்காரர்களுக்குப் பாட்டு என்றால் தெருக்கூத்து இல்லாமல் இல்லை. பங்குனி, சித்திரை வந்தால் திரௌபதி அம்மன் கோயில் திடல்களில் பாரதம் நடக்கும். ஆர்மோனியமும் மிருதங்கமும் முகவீணையும் விடிய விடியக் கேட்கும். செய்யாறு பக்கத்துப் புரிசை கிராமம் கூத்துக்கே பெயர் பெற்றது. அந்தப் பாட்டுகளை வரி தவறாமல் சொல்லும் நெசவாளர்கள் உண்டு.

வடதமிழ்நாட்டில் ஒரு வழக்கம் இருக்கிறது. பெரியவர் காலமானால், காரியத்துக்கு முந்தின இரவு 'கர்ண மோட்சம்' கூத்து வைப்பார்கள். கர்ணன் போர்க்களத்தில் அடிபட்டுச் சாய்ந்து, தருமத்தை எல்லாம் தாரை வார்த்து உயிர்விடும் கதை. ஊரே உட்கார்ந்து கேட்கும். பெண்கள் அழுவார்கள். கூத்துக்காரருக்குப் பணம், சாப்பாடு, பந்தல், விளக்கு என்று கடன் வாங்கியாவது செலவு செய்வார்கள்.

எல்லோரும் கேட்பார்கள். யாருக்காகக் கூத்து வைத்தார்களோ, அவர் மட்டும் கேட்க மாட்டார்.

அதே கூத்துக்காரரில் ஒருவர், ஆர்மோனியமும் வேண்டாம், வேஷமும் வேண்டாம், ஒரு மாதம் முன்னதாகச் சாயங்கால நேரத்தில் வந்து கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து பத்து நிமிஷம் பாடியிருந்தால்? பெரும்பாலான வீடுகளில் அதைக் கேட்க யாருக்கும் தோன்றவில்லை, அவ்வளவுதான்.

தறியின் விஷயமும் அப்படித்தான். ஐம்பது வருடம் அந்தச் சத்தத்தில் வாழ்ந்தவருக்கு அது தொந்தரவா, துணையா என்று யார் கேட்டார்கள்? சிலருக்குத் தலைவலியாக இருக்கும். அப்படியானால் நிறுத்தத்தான் வேண்டும். சிலருக்கு அதுவே பாட்டாக இருக்கும். "தறியை ஓட்டட்டுமாப்பா?" என்று மகன் ஒரு வார்த்தை கேட்டால் போதும். பேச முடியாவிட்டாலும் பெரியவர் கையை அசைப்பார். ஓட்டு என்றால், மகன் குழியில் இறங்கி உட்காரலாம். பலகை மெதுவாக விழும்போது, கட்டிலின் சட்டத்தில் ஒரு விரல் தாளம் போடுகிறதா என்று திரும்பிப் பார்க்கலாம்.